வால்நட் சாயம்

மெர்ட்டில் ஹாஸ்கெட்டின் கைகள் மே மாதத்திலிருந்தே கறுப்பாகத்தான் இருந்தன. சோப்பு, சாம்பல், மண்ணெண்ணெய் எதற்கும் போகாத கறுப்பு. ஞாயிறு காலை சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கும்போது கையுறை போட்டுக்கொள்வாள். இந்த வெயிலில் கையுறை எதற்கு என்று போதகரின் மனைவி கேட்டபோது, தோல் வியாதி என்று சொல்லிவைத்தாள். அதற்குப் பிறகு யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டாள்.

அவள் ஊரான வெக்ஸ்லியில் நிலக்கரி வெட்டுகிறவன் கைகூடச் சனிக்கிழமைக் குளியலில் ஓரளவு வெளுத்துவிடும். இவளுடையது வெளுக்காது. வால்நட் காயின் மேல்தோலைக் காயவைத்து, ஊறவைத்து, காய்ச்சி எடுக்கும் சாயம் அப்படி. அவள் அம்மா இருந்தவரை அதைக் கம்பளி நூலுக்கு ஏற்றினாள். மெர்ட்டில் பேஸ்பால் பந்துக்கு ஏற்றினாள்.

பந்து விஷயத்தில், சுற்றுப்பட்டு ஊர் அணிகள் மோதிய அந்த லீகில் யாரும் யோக்கியன் இல்லை. ஆட்டம் தொடங்கும்போது அம்பயர் கையில் இருக்கும் பந்து முட்டை மாதிரி வெள்ளையாக இருக்கும். அரை மணி நேரத்தில் ஆளாளுக்குப் புகையிலைச் சாற்றைத் துப்பி, மண்ணில் தேய்த்து, பழுப்பாக்கிவிடுவார்கள். தையல் பிரியும்வரை அதே பந்துதான். பார்வையாளர் மடியில் போய் விழுந்தாலும் திருப்பித் தந்துவிட வேண்டும். ஒளித்துவைத்தவனைக் கான்ஸ்டபிள் காலரைப் பிடித்து வெளியே தள்ளுவார். வெக்ஸ்லி மைதானத்தில், மட்டையில் உரசிப் பின்பக்கம் பறக்கும் பந்து, ஜனங்கள் உட்காரும் பலகை மேடையைத் தாண்டி, அதன் பின்னால் தொடங்கி அடியில் நுழையும் சந்தில், மெர்ட்டில் சோடா விற்கும் இடத்தில் விழும். அவள் எடுத்து, பலகைச் சுவரிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே எறிவாள். எடுப்பதற்கும் எறிவதற்கும் நடுவில் ஒரு வாளி இருந்தது.

வாளியில் சாக்குக்கு அடியில் இரண்டு வகைப் பந்து. வெளியூர்க்காரன் மட்டை பிடிக்கும்போது பின்னால் வந்தால், கறுத்தது உள்ளே போகும். உள்ளூர் ஆள் பிடிக்கும்போது வந்தால், வெளுத்தது போகும். சாயங்காலம் சூரியன் நிலக்கரிக் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கிய பிறகு, அந்தக் கறுத்த பந்து வீசுகிறவன் கையை விட்டதும் காற்றில் கரைந்துவிடும். மட்டை பிடித்தவனுக்குச் சத்தம் மட்டும் கேட்கும்.

சும்மா கறுப்படித்தால் எவனும் கண்டுபிடித்துவிடுவான். மெர்ட்டில் அப்படிச் செய்யவில்லை. சாயம் ஏற்றி, அடுப்புச் சூட்டில் உலர்த்தி, பன்றிக் கொழுப்பும் களிமண்ணும் தேய்த்து மினுமினுப்பைக் கொன்று, செங்கல்லில் உரசிக் காயம் உண்டாக்கி, கடைசியில் நிஜமான புகையிலைச் சாற்றை இரண்டு இடத்தில் விடுவாள். மூன்று மணி நேரம் அடிபட்ட பந்தை அதன் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது. படிக்கப் போகாத, சோடா விற்கிற ஒருத்தியால் ஒரு ஊரே ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்ற பெருமை.

யோசனையும் அவளுடையதுதான். அணியை நடத்திய பர்டெட்டிடம் அவளேதான் போய்ச் சொன்னாள். பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தம்பி லூத்தருக்கு அணியில் இடம். அப்பா மூன்றாம் நிலக்கரிக் குழியில் செத்தவர். அதே குழியில் பதினான்கு வயதில் இறங்கியவன் லூத்தர், இப்போது இருபது. அவனை மேலே ஏற்றிவிட வேண்டும், மேலேயே வைத்திருக்க வேண்டும். அதற்காக அவள் கை கறுத்தால் கறுக்கட்டும்.

லூத்தர் நன்றாகவே ஆடினான். அவனுக்குத் தனியாக ஒரு வேலையும் இருந்தது. உள்ளூர் அணி மட்டை பிடிக்க வரும்போது கறுத்த பந்து உள்ளேதான் கிடக்கும். யாராவது அதை உரசிப் பின்னால் அனுப்பினால்தானே மெர்ட்டில் மாற்ற முடியும். குறி தப்பாமல் உரசத் தெரிந்தவன் அவன். வந்ததும் ஒரு பந்தைச் சந்துக்குள் தட்டிவிடுவான். அக்கா மாற்றுவாள். பிறகு அடிப்பான்.

ஜூலையில் ஒரு நாள், ஒன்பது சுற்று ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில், அவனால் உரச முடியவில்லை. பந்து இடது நெற்றிப்பொட்டில் விழுந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற மெர்ட்டிலுக்கு அது மரத்தில் பட்ட சத்தம் மாதிரியே கேட்டது. நல்ல அடி என்று நினைத்து அவள் கைதட்டினாள்.

இரண்டு நாள் படுக்கையில் கிடந்தான். மூன்றாம் நாள் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான்.

"பால்ல கரைச்ச மாதிரி இருக்கு," என்றான். "யார்கிட்டயும் சொல்லாத மெர்ட்."

அவள் பர்டெட்டிடம் மட்டும் சொன்னாள். இனி வாளி வேண்டாம் என்று சொல்வதற்காகப் போனவள், காரணத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. பர்டெட் ஒரு காலத்தில் பெரிய லீகில் பந்து பிடித்தவர். விரல் ஒவ்வொன்றும் உடைந்து ஒவ்வொரு திசையில் நின்றது. அந்த விரல்களால் மீசையைத் தடவிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"உன் தம்பி கண்ணு போச்சுன்னு எனக்குத் தெரியாது. உன் வாளியில என்ன இருக்குன்னு ஊருக்குத் தெரியாது. ரெண்டும் அப்படியே இருக்கட்டுமே, பொண்ணே?"

மிரட்டல்கூட இல்லை அது. கடைக்காரர் விலை சொல்கிற மாதிரி சொன்னார். மெர்ட்டில் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். அந்த நிமிஷத்துக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

ஆகஸ்டில் பர்டெட் லூத்தரை ஓர்மண்ட் அணிக்கு விற்றுவிட்டார். மாட்டைக் கேட்டா விற்கிறார்கள்? அணியில் சேரும்போது அவன் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. காலையில் சொன்னார்கள், மத்தியானம் ரயில். ஓர்மண்ட்காரர்களுக்குக் கண் விஷயம் தெரியாது. லூத்தரும் சொல்லவில்லை. தலையைக் கொஞ்சம் திருப்பி, நெஞ்சைப் பந்து வீசுகிறவன் பக்கம் காட்டி நின்று, வலது கண்ணால் பந்தைப் பார்த்துச் சமாளித்துக்கொண்டிருந்தான். வெயிலில், வெள்ளைப் பந்தில், அது போதுமானதாக இருந்தது.

ரயில் போன பிறகுதான் மெர்ட்டிலுக்கு உறைத்தது. சீசனின் கடைசி நாள் ஆட்டம் வெக்ஸ்லியில், ஓர்மண்டோடு.

*

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் வெக்ஸ்லி ஜெயித்தது. இரண்டாவதிலும் ஜெயித்தால்தான் லீகின் வெற்றிக் கொடி. சமனாக முடிந்தால்கூடக் கொடி ஓர்மண்டுக்குப் போய்விடும். நான்கு குழியின் ஆட்களும் பலகை மேடையில் இருந்தார்கள். இரண்டு வாரக் கூலியைப் பந்தயத்தில் கட்டாதவன் அங்கே குறைவு. மேடைக்கு அடியில் நின்ற மெர்ட்டிலின் தலைமேல் அவர்கள் பூட்ஸ் சத்தம் விடாமல் கேட்டது. பலகை இடுக்கு வழியாகக் கரித்தூள் கொட்டி, அவள் அடுக்கிவைத்த சோடா பாட்டில்களின் மேல் படிந்தது.

ஆட்டங்களுக்கு நடுவில் லூத்தர் சந்துக்கு வந்தான். ஓர்மண்டின் சாம்பல் சட்டை அவனுக்குத் தோளில் தொளதொளவென்றிருந்தது. அவனுடைய இடது பக்கமாக அவள் நீட்டிய பாட்டிலை அவன் கவனிக்கவில்லை. அவள் கையை வலது பக்கம் கொண்டுபோனாள், வாங்கிக்கொண்டான்.

வயிற்று வலி என்று சொல்லி உட்கார்ந்துவிடு என்றாள். அவன் சிரித்தான். மேடையின் முதல் வரிசையைக் கண்ணால் காட்டினான். அங்கே வைக்கோல் தொப்பியோடு ஒருவர் குறிப்புப் புத்தகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார். பெரிய லீகுக்கு ஆட்டக்காரர்களைப் பொறுக்க வந்தவர்.

"என்னைப் பாக்கத்தான் வந்திருக்காரு. வயித்து வலியையா பாக்க வந்தாரு?"

"பந்து தெரியாதுடா லூத். சாயங்காலம் ஆனா உனக்குத் தெரியவே தெரியாது."

"நீ எறியறதுதானே உள்ள வரும்," என்றான். "அப்புறம் என்ன?"

அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் கோபப்பட்டிருப்பாள். கேட்காமல் போனது இன்னும் மோசமாக இருந்தது.

இரண்டாவது ஆட்டம் நாலரைக்குத் தொடங்கியது. ஓர்மண்ட்காரன் உரசிய பந்து மூன்றாவது இன்னிங்ஸில் சந்துக்குள் விழுந்தது. மெர்ட்டில் வாளிக்குள் கையை விட்டு, வெளுத்ததை எடுத்து எறிந்தாள். ஐந்தாவதில் இன்னொன்று. அதற்கும் வெளுத்தது. ஓர்மண்ட் இரண்டு ஓட்டம் எடுத்துச் சமன் செய்தது. தலைக்கு மேலே பூட்ஸ் சத்தம் நின்றுபோயிற்று. அந்தக் கூட்டம் கத்தும்போது அவளுக்குப் பயமாக இருந்ததில்லை.

ஆறாவது முடிந்ததும் பர்டெட் சந்துக்கு வந்தார். கூடவே மைதானத்தைச் சீர்செய்கிற ஓஸ் என்ற தடியன். பர்டெட் வாளியின் சாக்கை விலக்கிப் பார்த்தார். கறுத்த பந்துகள் அத்தனையும் அப்படியே இருந்தன. அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

"களைச்சுப் போயிருக்க. மேல போய்ப் பொம்பளைங்களோட உக்காந்து ஆட்டத்தைப் பாரு."

"வர்றது என் தம்பி, சார். உங்களுக்குத் தெரியும்."

"நான் வித்த ஆளு," என்றார் பர்டெட். "இப்ப அவங்க சரக்கு."

ஓஸ் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவளை ஏணிப்படிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு சோடாவை எடுத்துத் திறந்து குடித்தான்.

*

ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டுக்கு இரண்டு. ஓர்மண்டின் தலைவன் அம்பயரிடம் போய், இருட்டிவிட்டது, நிறுத்துங்கள் என்றான். அம்பயர் கிம்பல் குள்ளமான, தனியாளாக ஊர் ஊராக ரயிலில் அலைந்து, போன இடமெல்லாம் ஏச்சு வாங்கிய மனிதர். பர்டெட் குறுக்கே வந்து, தனக்கு ஈயின் இறக்கைகூடத் தெரிகிறது என்று சத்தம் போட்டார். மேடை முழுக்கச் சிரித்தது. கிம்பல் வானத்தைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கிறது, ஆடுங்கள் என்று உரக்கச் சொன்னார்.

முதல் ஆளே பந்தை உரசிச் சந்துக்குள் அனுப்பினான். ஓட்டை வழியாகத் திரும்பி வந்ததை மெர்ட்டில் முதல் வரிசையிலிருந்து பார்த்தாள். அவள் சாயமேற்றிய பந்து, பெற்ற பிள்ளை மாதிரி, அவளுக்கு அடையாளம் தெரியாதா. மட்டை பிடித்தவன் மூன்று வீச்சும் காற்றில் வீசி அவுட்டாகிப் போனான். அடுத்தவனும் போனான். மூன்றாவதாக லூத்தர் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தான்.

அவள் தடுப்புக் கம்பியருகே ஓடி அம்பயரைக் கூப்பிட்டாள். பந்தைப் பாருங்கள் என்றாள். சாயம் போட்ட பந்து, நான்தான் போட்டேன் என்றாள். பர்டெட் தன் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. கிம்பல் பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். களிமண், செங்கல் உரசல், புகையிலைக் கறை. அவள் கொடுத்த ஒவ்வொரு காயமும் அதனதன் இடத்தில் இருந்தது.

"எல்லா ஊர்லயும் ஒன்பதாவது இன்னிங்ஸ் பந்து இப்படித்தாம்மா இருக்கும்."

அவள் இரண்டு கைகளையும் கம்பிக்கு மேலே நீட்டிக் காட்டினாள்.

"கரி ஊர்ல கறுத்த கையைக் காட்டி என்ன சொல்ல வர்ற?" என்றார் கிம்பல். பந்தை வீசுகிறவனிடம் எறிந்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

அவள் இவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டாம்.

வெக்ஸ்லிக்குப் பந்து வீசியவன் ஸ்லோகம் என்ற ஆள். கையைப் பக்கவாட்டில் சுழற்றி வீசுகிறவன். வேகம் உண்டு, கட்டுப்பாடு கிடையாது. முதல் பந்து லூத்தரின் முகத்துக்கு நேராக வந்தது. தொப்பியின் விளிம்புக்கு மயிரிழை தள்ளிப் போயிற்று. பின்னால் உட்கார்ந்து பிடிக்கிறவனே தலையைச் சாய்த்துக்கொண்டான்.

லூத்தர் அசையவில்லை.

இமைகூட அசையவில்லை. பிறகு மேடை, வெக்ஸ்லிக்காரர்களின் மேடை, எதிரணி ஆளுக்குக் கைதட்டியது. இரும்புடா இவன் என்று யாரோ ஒருவன் சொன்னான். வைக்கோல் தொப்பிக்காரர் புத்தகத்தில் எதையோ எழுதினார். மெர்ட்டில் மட்டும் கைதட்டவில்லை. அவன் தைரியமாக நிற்கவில்லை. பந்து வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. ஸ்லோகம் இன்னும் எப்போது வீசப்போகிறான் என்று தலையைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தான்.

அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பியைத் தாண்டினாள்.

யாரும் உடனே தடுக்கவில்லை. ஒரு பொம்பளை மைதானத்துக்குள் நடந்துபோனால் என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவள் நேராகப் போய், மட்டையடிக்கிறவன் எதிரே பதித்திருந்த வெள்ளைத் தட்டின் மேல், பந்து வீசுகிறவனைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

மேடை சிரித்தது. சோடா கிடைக்குமா என்று ஒருவன் கத்தினான். ஸ்லோகம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான். கிம்பல் குனிந்து, எழுந்துபோகும்படி மரியாதையாகச் சொன்னார். அவள் முடியாது என்றாள். அவர் நிமிர்ந்து, சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார்.

அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. விதி அங்கே எல்லோருக்கும் தெரியும். உள்ளூர் ஜனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டால், கால் மணி நேரத்துக்குள் உள்ளூர் அணி அதை அப்புறப்படுத்த வேண்டும். முடியாவிட்டால் ஆட்டம் எதிரணிக்கு. ஒன்பதுக்கு ஒன்றுமில்லை என்று கணக்கு.

பர்டெட் இப்போது ஓடியே வந்தார். இருட்டிவிட்டது, இவளை அப்புறப்படுத்தக் கூடுதல் நேரம் வேண்டும் என்றார்.

"இப்பதான் ஈ றெக்கை தெரியுதுன்னீங்க," என்றார் கிம்பல், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பர்டெட் சைகை காட்ட, ஓஸ் சந்திலிருந்து வந்து மெர்ட்டிலின் தோளைப் பிடித்தான். லூத்தரின் மட்டை அவன் மணிக்கட்டுக்கு மேலே வந்து நின்றது.

"கையை எடு."

ஓஸ் எடுத்தான். லூத்தர் அவளைப் பார்க்காமலே பேசினான், பற்களுக்கு நடுவிலிருந்து.

"எழுந்திரு மெர்ட். கெஞ்சிக் கேக்குறேன். அவர் பாத்துட்டிருக்காரு."

"பாக்கட்டும்."

"திரும்பக் குழிக்குள்ள போகணுமா நான்?"

அவனை மேலே வைத்திருக்கத்தானே இத்தனையும். மண்ணில் கையை ஊன்றிக்கொண்டு, முதல் வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"இவனுக்கு இடது கண்ணு தெரியாது. ஜூலையில போச்சு. நான் சாயம் போட்ட பந்துதான் பட்டுது. பர்டெட்டுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வித்தாரு."

லூத்தர் மட்டையைக் கீழே இறக்கினான். ஓர்மண்டின் தலைவன் நெருங்கி வந்து, அவன் முகத்தின் இடது பக்கம் கையை ஆட்டிப் பார்த்தான். மறுபடி ஆட்டினான். பிறகு அவனை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டான். முதல் வரிசையில் வைக்கோல் தொப்பிக்காரர் எழுதிய பக்கத்தைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ரயிலுக்கு நேரமானவர் மாதிரி எழுந்து போனார். அவர் முதுகு மறையும்வரை லூத்தர் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு நிமிடம். எட்டு நிமிடம். பர்டெட் தன் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டார். லூத்தர் கையில் மட்டை இருந்தது. ஒருவனும் முன்னால் வரவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டையைப் பற்றித் தெரியும். தெரியாத மீதிப் பேர் பர்டெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கால் மணி நேரம் ஆனதும் கிம்பல் கடிகாரத்தை மூடினார். அந்த 'டக்' மேடையின் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும்.

"ஆட்டம் ஓர்மண்டுக்கு. ஒன்பதுக்கு ஒன்றுமில்லை," என்று அறிவித்தார். உடனே பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வேகமாக நடந்தார். இப்படிப்பட்ட சாயங்காலங்களில் எப்படிக் கிளம்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஓர்மண்ட் ஆட்கள் மட்டைகளை வாரிக்கொண்டு அவர் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கொடி வாங்கியவர்கள் மாதிரியே இல்லை. வெளியே நின்ற அவர்களுடைய வண்டியில் குதிரைகளைத் திருப்பும் சத்தம் கேட்டது. லூத்தருக்காக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மெர்ட்டில் எழுந்து பாவாடையைத் தட்டினாள். பர்டெட் எங்கே என்று தேடினாள். பெஞ்ச் காலியாக இருந்தது.

மேடையில் ஒருவனும் கத்தவில்லை. அவர்கள் கத்துவார்கள் என்று எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் பரவாயில்லை. வரிசை வரிசையாக எழுந்தார்கள். அவசரமில்லாமல், வேலைக்கு இறங்குகிற மாதிரி, படிகளில் இறங்கினார்கள். மைதானத்துக்கு இருந்தது ஒரே வாசல். அது மேடைக்கு அடியில், அவள் சோடா விற்ற சந்து வழியாகப் போனது. ஓஸ் விட்டுப்போன பெட்டிகள் திறந்து கிடந்தன. இறங்கியவர்கள் சந்தின் இரண்டு பக்கமும் சுவரோரமாக நின்றார்கள். அந்த முகங்களை அவளுக்குப் பெயரோடு தெரியும். மூன்றாம் குழியில் அப்பாவின் உடலைத் தூக்கி வந்தவர்களும் அதில் இருந்தார்கள். நிறையப் பேர் கையில் பாட்டில் இருந்தது. எதையும் யாரும் குடிக்கவில்லை.

"வேற வழி இல்லையா?" என்றான் லூத்தர், மெதுவாக.

"இல்ல."

"எத்தனை பேரு?"

அவள் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். அவன் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. அது இன்றைக்குப் போகாது, இந்த வருஷம் போகாது. ஆனால் மட்டையை அவன் கீழே போடவில்லை. இருவரும் சந்தை நோக்கி நடந்தார்கள். வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது, சுவரோரம் நின்ற ஒருவன் தன் பாட்டிலைத் தலைகீழாக்கி, தடி மாதிரிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

மெர்ட்டில் ஒரு அடி பின்வாங்கி, தம்பியைச் சுற்றிக்கொண்டு வந்து, அவனுடைய இடது பக்கம் நடக்கத் தொடங்கினாள்.